அரை மணித்தியாலம் முன்னுக்கு, அரை மணித்தியாலம் பின்னுக்கு

கதவில் ஒட்டியிருக்கும் பெயரை வாசிக்கலாம், வெளியே சொல்லக்கூடாது. ஸ்விஸ் நகரமான வின்டர்தூரில் பொதி விநியோக வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே எனக்குச் சொல்லித் தந்த பாடம் இது. யாருக்கு என்ன வருகிறது, எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் அப்படியே பழகிவிட்டதால், இப்போது எழுத உட்கார்ந்த பிறகும் அவருடைய பெயர் கைக்கு வரமாட்டேன் என்கிறது. கடைக்கார அம்மா என்றே சொல்கிறேன். என் மனைவிக்கும் அவரை அப்படித்தான் தெரியும்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால், பழைய தொழிற்சாலைச் சுவரை ஒட்டிப் போகும் சின்னத் தெருவில் அவருடைய கடை இருந்தது. மாதிரி ரயில்கள் விற்கும் கடை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு முதலில் அது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் கடையாகத்தான் தெரிந்தது. கண்ணாடி அலுமாரிகளில் அசலின் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் எஞ்சின்கள், பெட்டிகள், தண்டவாளங்கள், நகத்தளவு பயணிகள், அவர்கள் காத்து நிற்கும் நிலையங்கள். ஆனால் வாங்க வருகிறவர்களில் பிள்ளைகளே இல்லை. பல் வைத்தியர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், பாடசாலை அதிபர் என்று எல்லாம் நரைத்த தலைகள். அவர்கள் கவுண்டரில் குனிந்து நின்று கதைப்பதைத் தூரத்தில் நின்று பார்த்தால் வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று நினைக்கலாம். அவ்வளவு கவலை முகத்தில் இருக்கும்.

நான் முதன்முதலாக அங்கே ஒரு பொதி கொண்டுபோனபோது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். மெலிந்த, உயரமான பெண். நீல மேலங்கி, அதன் பையில் ஒரு சின்னத் திருகாணிச் சாவி. கையெழுத்து வாங்கும் மின்கருவியை நீட்டினேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஓட்டிப் பாத்திட்டுப் போடுறன்," என்றார்.

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"ஒரு மணித்தியாலம்."

அவர் பேசியது ஸ்விஸ் ஜேர்மன். எனக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுந்து கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன். வண்டியில் இன்னும் நூறு பொதிக்கு மேல் கிடந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஜேர்மனில், இந்தக் கையெழுத்து பெட்டி வந்து சேர்ந்ததற்கு மட்டும்தான், உள்ளே இருக்கும் சாமான் நல்லதா கெட்டதா என்பதற்கு அல்ல என்று விளங்கப்படுத்தினேன். அவர் யோசித்தார்.

"அப்ப பெட்டிக்கு மட்டும்தான்?"

"ஓம், பெட்டிக்கு மட்டும்."

கருவியை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே விரலால் இரண்டு சொல் எழுதினார்: பெட்டி மட்டும். அதன் பிறகு பதினாறு வருடம், ஒரு பொதியையும் விடாமல், தன் பெயருக்குக் கீழே அந்த இரண்டு சொல்லை எழுதியே தந்தார். எங்கள் மேலாளர் ஒருமுறை என்னைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டார். அந்த அம்மா அப்படித்தான் என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றி ஒன்றுமே சொன்னதாகாது. கடையின் நடுவில் ஒரு மேசை, அதன் மேல் வட்டமாக ஒரு தண்டவாளம். புதிதாக வரும் ஒவ்வொரு எஞ்சினையும் அவர் பெட்டியிலிருந்து எடுத்து அதில் வைப்பார். அரை மணித்தியாலம் முன்னுக்கு ஓட விடுவார், அரை மணித்தியாலம் பின்னுக்கு. வாங்குகிறவர் முன்னால் இன்னும் ஒருமுறை அதே போல. அதற்குப் பிறகுதான் காசு வாங்குவார். புது எஞ்சினின் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று பழக வேண்டுமாம். இது மற்றக் கடைகளிலும் சொல்வதுதான், ஆனால் அவர்கள் வீட்டில் போய் ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இவர் அனுப்பமாட்டார்.

"முன்னுக்கு எல்லாம் நல்லாத்தான் ஓடும்," என்று ஒருநாள் சொன்னார். "பின்னுக்கு ஓடேக்கதான் உள்ளுக்க என்ன கிடக்கெண்டு தெரியும்."

நான் கேட்காமலே எனக்கு அறிக்கை வேறு தருவார். மறுநாள் கதவைத் திறந்தால், "நேற்றுக் கொண்டு வந்தனீரெல்லோ, பச்சை எஞ்சின், அது பின்னுக்கு இழுக்குது, திருப்பி அனுப்பப் போறன்," என்பார். எஞ்சினைச் செய்தவனே நான் என்பது போல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

இந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. எங்களுக்குப் புதிதாக மின்சார வண்டி தந்த அன்று வாசலுக்கு வந்து பார்த்து, "பின்னுக்கு ஓடிப் பாத்தனீரோ?" என்று கேட்டார். எனக்கு ஸ்விஸ் குடியுரிமை கிடைத்தபோது சிவப்புக் கடவுச்சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். மனைவிக்குக் காட்டிய பிறகு நான் காட்டிய முதல் ஆள் அவர்தான். வாங்கித் தாள்களைப் புரட்டினார்.

"இதோட வெளியில போய்த் திரும்பி வந்து பாத்தனீரோ?"

"இல்லை, நேற்றுத்தானே வந்தது."

"பாரும்."

சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் மனம் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டி ஜேர்மனிப் பக்கம் போய், ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். போகும்போதும் ஒருவரும் கேட்கவில்லை, வரும்போதும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அதைச் சொன்னேன். "அப்ப இன்னும் ஓட்டிப் பாக்கேல்லை," என்றார். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒருமுறை சூரிச்சிலிருந்து நல்ல கம்பளிக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். சேகரிப்பவர். கொஞ்சப் பேருக்கு மட்டும் என்று செய்து வந்த ஒரு எஞ்சினில் மூன்று வேண்டும் என்றார், மூன்றும் பெட்டி உடைக்காமல். கடைக்கார அம்மா இரண்டை ஏற்கனவே திறந்து ஓட்டியிருந்தார். மூன்றாவதைத் திறப்பதற்காகக் கையில் கத்தியோடு நின்றார்.

"திறந்தால் அதின்ர மதிப்புப் போயிடும்," என்றார் வந்தவர்.

"எதின்ர? பெட்டியின்ர மதிப்போ?"

"அப்படியே தாங்கோ. ஓட்டிறது என்ர பாடு."

"நீங்கள் ஓட்ட மாட்டீங்கள்," என்று சொல்லிப் பெட்டியை வெட்டித் திறந்தார்.

வந்தவர் ஒன்றும் வாங்காமல் போன பிறகு நான், "மூண்டு எஞ்சின் போட்டுதே," என்றேன். எனக்கு உண்மையாகவே கோபம். வியாபாரம் செய்ய வந்தால் வியாபாரம் செய்ய வேண்டும். "போகேல்லை, இஞ்சதான் நிக்குது," என்று மேசையைக் காட்டினார். மூன்றாவது எஞ்சின் அதற்குள் பின்னுக்கு ஓடத் தொடங்கியிருந்தது.

சனிக்கிழமைதான் அந்தக் கடையின் நாள். மேசையைச் சுற்றி மூன்று கதிரை, ஒரு கோப்பி இயந்திரம். வாங்கியவர்கள் ஓடி முடியும்வரை இருப்பார்கள், வாங்காதவர்களும் இருப்பார்கள். ஜன்னலோரக் கதிரை ஒருவருக்கே உரியது. கோட்ஹார்ட் மலைப் பாதையில் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், கடையிலிருந்து இரண்டு கதவு தள்ளி இருந்தவர். முப்பது வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்தார். அவருடைய சட்டைப் பையில் ஒரு மணிக்கூடு இருக்கும். நேரம் பார்ப்பது அவருடைய வேலை. "அரை மணி," என்பார் ஓட்டுநர், கடைக்கார அம்மா எஞ்சினைத் திருப்புவார். முப்பது வருடத்திலும் இருவரும் ஒருவரையொருவர் நீங்கள் என்றே அழைத்தார்கள். இந்த நாட்டில் அதுவும் ஒரு நெருக்கம்தான். அந்தக் கதிரையில் அவர் இருந்தால்தான் அது சனிக்கிழமை என்று கடைக்கார அம்மா நினைத்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. கிழமை முழுக்க அவர் அந்த ஒரு நாளுக்காகத்தான் கடையைத் திறந்தார்.

இனி என்னுடைய பங்கைச் சொல்ல வேண்டும்.

கடைக்குப் போகும் பொதிகள் குறையத் தொடங்கியதை முதலில் கண்டவன் நான். முன்பு கிழமையில் நாலு நாள் அந்தக் கதவைத் தட்டினேன். பிறகு இரண்டு நாள், பிறகு ஒரு நாள். அதே காலத்தில் வேறொரு பெட்டி என் வண்டியில் கூடிக்கொண்டு வந்தது. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ஒரு இணையக் கடையின் பெயரும் ஒரு ரயிலின் படமும் போட்ட பெட்டி. முதலில் பல் வைத்தியருக்கு. பிறகு பாடசாலை அதிபருக்கு. பிறகு ஒவ்வொருவராக. எல்லாரும் அவருடைய கடையில் கோப்பி குடித்தவர்கள். அங்கே வந்து எஞ்சினைப் பார்த்து, எது நல்லது என்று அவரிடமே கேட்டறிந்து, வீட்டுக்குப் போய் இணையத்தில் வாங்கினார்கள். கொண்டுபோய்க் கொடுத்தது என் கை. அந்தப் பெட்டிகள் மாதத்தில் ஒரு நாள் மடித்துக் கயிற்றால் கட்டப்பட்டு, மாநகரசபை எடுத்துப் போவதற்காக வாசல்களில் கிடக்கும். கார்ட்டோன் நாள் என்போம்.

நான் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. என் வீட்டிலும் சோறு சமைக்கும் இயந்திரத்திலிருந்து சப்பாத்து வரை இணையத்தில்தான் வந்தது. ஆனால் ஓட்டுநருக்கும் அந்தப் பெட்டி வந்த அன்று அதைக் கடைசியாகத்தான் கொண்டுபோனேன். சின்னப் பெட்டிதான். கொடுத்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த மாதமே கடைக்கார அம்மா கேட்டார். கோப்பியை என் முன்னால் வைத்துவிட்டு, வேறு எதையோ துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எங்கட சனிக்கிழமை ஆக்களுக்கு வேற இடத்திலயிருந்து பொதி வருதோ?"

"எங்களுக்கு அதெல்லாம் சொல்ல ஏலாது," என்றேன்.

"ஓமோம், அது சரிதான்," என்றார்.

விதி என்று ஒன்று இருந்தது எனக்கு அன்றைக்கு எவ்வளவு வசதியாக இருந்தது. வீட்டில் சொன்னபோது மனைவி, "நீங்கள் பொய் சொல்லேல்லைத்தானே," என்றாள். சொல்லவில்லைதான். கோப்பியைக் குடித்து முடித்தேன், அவ்வளவுதான்.

அந்த வசந்தத்தில் கடைக்கார அம்மாவுக்கு ஒரு சிவப்பு எஞ்சின் கொண்டுபோனேன். ஓட்டுநர் மலைப் பாதையில் ஓட்டிய அதே வகை. அவர் குளிர்காலத்தில் கேட்டு வைத்ததாம், செய்கிறவர்கள் தாமதப்படுத்திவிட்டார்களாம். மறுநாள் கடைக்கார அம்மா அறிக்கை தந்தார். "ஓடுது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு பிழையும் இல்லை. அவரிட்டச் சொல்லிப் போடாதையும். கார்த்திகையில அவருக்குப் பிறந்தநாள்." பெட்டியை மேல் தட்டில், மற்றவற்றுக்குப் பின்னால் வைத்தார்.

அந்தத் தெருவில் பகலில் எப்போது தட்டினாலும் திறக்கும் ஒரே கதவு அவருடையது. வீட்டில் ஆள் இல்லையென்றால் பொதியைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு, இன்ன இடத்தில் இருக்கிறது என்று ஒரு சீட்டைத் தபால்பெட்டிக்குள் போடுவது எங்கள் வழக்கம். அதனால் தெரு முழுவதின் சட்டையும் சப்பாத்தும் நாய்ச் சாப்பாடும் அவருடைய கடை மூலையில் காத்திருக்கும். ரயில் படம் போட்ட பெட்டியை மட்டும் நான் அங்கே கொடுப்பதில்லை. ஆள் இல்லாவிட்டால் திருப்பிக் கொண்டுபோய் மறுநாள் கொண்டுவருவேன். இது யாரும் சொல்லித் தராத, நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி.

கார்த்திகை மாதம். மழையும் பனியும் சேர்ந்து கொட்டிய ஒரு காலை. இன்னொருவன் வராததால் அவனுடைய தெருக்களும் என் தலையில். ஆள் இல்லாத வீடுகளின் ஐந்து பொதியை அடுக்கித் தூக்கி, கடைக்கார அம்மாவின் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கி, சீட்டுகளைத் தபால்பெட்டிகளுக்குள் போட்டுவிட்டு ஓடினேன். இரண்டு தெரு தள்ளிப் போனபோதுதான் ஓட்டுநரின் பொதி வண்டியில் இல்லை என்று கண்டேன்.

திரும்பி ஓடினேன். முதலில் அவருடைய தபால்பெட்டிக்கு. சீட்டை இரண்டு விரலால் எடுக்கப் பார்த்தேன். மேல்மாடியில் ஒரு கிழவி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். இந்த ஊரில் மற்றவனுடைய தபால்பெட்டிக்குள் விரலை விட்டுக்கொண்டு நிற்பவனை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள், தொலைபேசியை எடுப்பார்கள். விட்டுவிட்டுக் கடைக்குள் போனேன்.

பெட்டி மேசையில் இருந்தது. எழுத்தும் படமும் உள்ள பக்கத்தைக் கீழே வைத்திருந்தார்.

"அது மாறித் தந்திட்டன், திருப்பித் தாங்கோ," என்றேன்.

"சீட்டுப் போட்டிட்டீரோ?"

"ஓம்."

"அப்ப அவர் இஞ்சைதான் வருவார்."

"நான் அவரிட்டப் போய்..."

"உமக்கு வேலை கிடக்கெல்லோ, போம்," என்றார். வண்டிக்குள் ஏறிக் கருவியைப் பார்த்தேன். அந்தப் பொதிக்கும் எழுதியிருந்தார்: பெட்டி மட்டும்.

சனிக்கிழமை எனக்கு ஓய்வு. வீட்டில் இருக்க முடியவில்லை, போனேன். வேறு ஒருவரும் வரவில்லை, முன்பே வருவதை விட்டிருந்தார்கள். பத்து மணிக்கு ஓட்டுநர் கையில் அந்தச் சீட்டோடு வந்தார். தொப்பியைக் கழற்றினார். முப்பது வருடமாக அவர் அந்தக் கதவுக்குள் வந்து தொப்பியை ஆணியில் கொளுவுவார், அன்றைக்குக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைக்கார அம்மா பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார். அப்படியே போயிருக்கலாம்.

"திறவுங்கோ," என்றார் கடைக்கார அம்மா.

அவர் திறந்தார். அதே வகைச் சிவப்பு எஞ்சின். கடைக்கார அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கித் தண்டவாளத்தில் வைத்தார்.

"மணி பாருங்கோ."

அவர் தன் கதிரையில் அமர்ந்து சட்டைப் பையிலிருந்து மணிக்கூட்டை எடுத்தார். எஞ்சின் முன்னுக்கு ஓடியது. நான் மூன்று கோப்பி போட்டேன், ஒருவரும் குடிக்கவில்லை. "அரை மணி," என்று அவர் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பின்னுக்கு ஓடியபோது பத்தாவது நிமிடத்தில் எஞ்சின் ஒரு இடத்தில் திணறியது. கடைக்கார அம்மா நிறுத்தி, மேற்கூட்டைக் கழற்றி, உள்ளே கட்டியாகிக் கிடந்த கிறீஸைத் துடைத்து, புதிதாக ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடினார். மறுபடியும் முதலிலிருந்து. முன்னுக்கு அரை மணி, பின்னுக்கு அரை மணி.

முடிந்ததும் பெட்டியில் வைத்து நீட்டினார்.

"உங்களிட்ட இது இன்னும் வரேல்லை எண்டு நினைச்சுத்தான்..." என்றார் ஓட்டுநர்.

மேல் தட்டுக்குப் போன என் கண்ணை நான் இழுத்துப் பிடித்தேன்.

"ஓம், வரேல்லைத்தான்," என்றார் கடைக்கார அம்மா.

அடுத்த சனிக்கிழமை ஓட்டுநர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. கடைக்கார அம்மா முட்டை அவிக்க நேரம் பார்க்கும் சின்ன மணியொன்றை வாங்கி மேசையில் வைத்தார். அரை மணிக்கு அது கிணுகிணுத்தால் எனக்குக் கேட்கப் பொறுக்காது.

மறு வசந்தத்தில் கடையை மூடினார். கட்டடத்தைப் புதுப்பிக்கப் போகிறார்களென்று சொன்னார், அது ஒரு சாட்டு என்று இருவருக்கும் தெரியும். கழிவு விலை என்று கண்ணாடியில் ஒட்டியவுடன் எல்லாரும் வந்தார்கள், பல் வைத்தியர், அதிபர், அத்தனை பேரும். வாசல்வரை வரிசை. அவர் அப்போதும் ஒவ்வொன்றையும் மேசையில் வைத்து அரை மணி முன்னுக்கு, அரை மணி பின்னுக்கு ஓட்டினார். ஒரு நாளைக்கு எட்டு எஞ்சினுக்கு மேல் விற்க முடியவில்லை. வரிசை கரைந்து போனது. பாதிச் சாமான் அப்படியே நின்றது.

கடைசி நாள் நான் அவரிடம் சொன்னேன். எல்லாருக்கும் பொதி வந்தது எனக்குத் தெரியும், நீங்கள் கேட்டபோது நான் சொல்லவில்லை, அந்தப் பெட்டியை உங்களிடம் தந்ததும் என்னுடைய பிழை, அதனால்தான் அவர் வராமல் போனார் என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் ஒரு கதிரையை இழுத்து அதில் இருந்தார்.

"நான் காலமை இந்தத் தெருவாலதானே நடந்து வாறனான்," என்றார். "மாசத்தில ஒருக்கால் கார்ட்டோன் நாள். எல்லாற்ற வாசலிலயும் அந்தப் பெட்டி கிடக்கும், படம் வெளியில தெரிய. நீர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேணுமோ?"

"அப்ப ஓட்டுநர்?"

"அவரிட்டயும் கிடக்கும். ஆனா அவர் ஒவ்வொரு பெட்டியையும் பிரிச்சு, உள்பக்கத்தை வெளியால திருப்பி மடிச்சுக் கட்டி வைப்பார். வெறும் மட்டைதான் தெரியும். நான் அந்த வழியால வருவன் எண்டு அவருக்குத் தெரியும். அந்தக் கட்டைப் பாத்தா எனக்குக் கோபம் வராது. அவர் ஒருத்தர்தான் வெக்கப்பட்டவர்."

மேலங்கிப் பையிலிருந்து திருகாணிச் சாவியை எடுத்தார்.

"உம்மட பிழையில்லை. அண்டைக்கு நான் அதைத் திறக்கச் சொல்லியிருக்கக் கூடாது. பெட்டியோட குடுத்து விட்டிருந்தா அடுத்த சனிக்கிழமை வந்திருப்பார். ரெண்டு மணித்தியாலம் அந்த மனுசனை அதுக்கு முன்னால இருத்தி வச்சன்." திருகாணிச் சாவியைக் கையில் உருட்டினார். "ஆனா ஓட்டிப் பாக்காமல் குடுக்க எனக்கு ஏலாது. அதுக்கு நான் என்ன செய்ய?"

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து மேல் தட்டிலிருந்து அந்தச் சிவப்பு எஞ்சினை எடுத்தார், பிறந்தநாளுக்கு வைத்திருந்ததை. கடையின் பெயர் அச்சடித்த பழைய அட்டைப் பெட்டிகளில் கடைசிப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் வைத்துக் கட்டி, ஓட்டுநரின் விலாசத்தை எழுதினார்.

"நான் கொண்டு போனா வாங்க மாட்டார். பொதியா வந்தா வாங்குவார்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓட்டுநர் பெட்டியில் இருந்த கடையின் பெயரை வாசித்தார். கையெழுத்துப் போட அவருக்கு வெகுநேரம் எடுத்தது. அடுத்த கார்ட்டோன் நாளில் அவருடைய வாசலில் ஒரே ஒரு பெட்டி மடித்துக் கட்டப்பட்டிருந்தது. கடையின் பெயர் தெருவைப் பார்த்தபடி இருந்தது.

கடைக்கார அம்மா அதற்குள் அட்லிஸ்வில்லுக்குப் போய்விட்டார், ஒரு சின்ன வீட்டுக்கு. நாங்கள் முருகன் கோயிலுக்குப் போகும் ஊர். ஆடி மாதம் கோயிலுக்குப் போனபோது அவருடைய வீட்டுக்கும் போய்ப் பார்த்து, அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஓட்டிப் பாத்தவராமோ?" என்றார்.

"தெரியாது."

"கேட்டுச் சொல்லும். பின்னுக்கும் ஓட்டினவரோ எண்டு கேளும்."

ஓட்டுநருக்கு அதன்பின் பொதியே வரவில்லை. பொதி இல்லாமல் கதவைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை, நாளை நாளை என்று தள்ளிப் போட்டேன். குளிர் தொடங்கிய பிறகுதான் அவருக்கு ஒரு சப்பாத்துப் பெட்டி வந்தது. கேட்டேன். அவர் உள்ளே கூப்பிடவில்லை, ஆனால் கதவை அகலத் திறந்தார். முன்னறையில் ஒரு வட்டத் தண்டவாளம் தெரிந்தது.

"முன்னுக்கும் ஓடுது, பின்னுக்கும் ஓடுது எண்டு சொல்லும்," என்றார்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். அதைக் கேட்கும்போது கடைக்கார அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க எனக்கு ஆசை. நத்தார், புதுவருடப் பரிசுக் காலம், பொதிகள் மலையாகக் குவிந்து ஒரு ஞாயிறும் எனக்கு மிஞ்சவில்லை. தைப்பொங்கலுக்குத்தான் அட்லிஸ்வில்லுக்குப் போனோம். மனைவி கோயிலில் நிற்க, நான் பொங்கல் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அவருடைய வாசலுக்குப் போனேன். அழைப்பு மணிகளின் வரிசையில் மூன்றாவது இடத்தில் பெயர் இல்லை. சீட்டு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று பொதிக்காரனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் பக்கத்து மணியை அழுத்தினேன். மார்கழி நடுவில் என்று ஒரு பெண் சொன்னாள். பத்திரிகையில் மரண அறிவித்தல் போடக்கூடாது, ஒருவருக்கும் அறிவிக்கக்கூடாது என்று எழுதி வைத்திருந்தாராம்.

மாசி மாதம் ஓட்டுநருக்கு ஒரு மருந்துப் பெட்டி வந்தது. கதவைத் திறந்ததும் கேட்டார்.

"சொன்னீரோ?"

அவருக்கு எழுபத்தாறு வயது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொன்னனான்," என்றேன்.

"என்ன சொன்னா?"

"பின்னுக்கும் முழுசா அரை மணித்தியாலமோ எண்டு கேட்டவ."

அவருடைய முகம் மலர்ந்தது. சட்டைப் பையைத் தொட்டார், மணிக்கூடு இருக்கும் பையை.

"ஓம், முழுசா. மணி பாத்தனான். அடுத்த முறை போகேக்க மறக்காமல் சொல்லும்."

சரி என்றேன். அவர் கையெழுத்துப் போட்டுக் கருவியைத் தந்தார். கொடுக்க முடியாத பொதியை ஏழு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பியவருக்கே திருப்பிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. அவருடைய இந்தப் பதிலை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.